வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: தன்னிரக்கம் வேண்டாம்

கா.: நண்பர்களே, பல்கலைக்கழக மாணவர்கள் சூதாட்டத்தில் எடுக்கும் துணிச்சல் முடிவுகள் பற்றிய கேள்விப் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இடறுவது ஒரே சொல், ‘செல்ஃப் கம்பேஷன்’. தோற்ற நாளில் நண்பனிடம் பேசுவதுபோலத் தன்னிடமும் கனிவாகப் பேசிக்கொள்வது. உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் வெளியிட்ட 26 கூற்று அளவுகோல்தான் மூலம். பழைய வரைவில் ‘தன்னிரக்கம்’ என்றிருந்தது. அது தன் நிலையை எண்ணி நொந்துகொள்வது, அடித்துவிட்டேன். நெஃப் விலக்கிவைப்பதே அதைத்தானே!

ம.: தன் + கருணை = தற்கருணை. இதில் என்ன தயக்கம்?

இ.: ஐயா, தற்கொலைக்கு அடுத்த வீடு மாதிரி ஒலிக்கிறது. மனநலப் படிவத்தில் வேண்டவே வேண்டாம். கருணை வடசொல் வேறு. அளி என்றாலும் அருள்தான், ‘தன்னளி’ எனலாம்.

ம.: தண்ணளியில் ஒரு சுழி குறைந்துவிட்டது என்று மாணவர் திருத்திக் கொடுப்பார், அம்மா.

வே.: இரக்கத்தின் வேர் இரங்குதல். நெய்தலின் உரிப்பொருளே இரங்கல், கரையில் நின்று கலங்குவது. குறளின் 58-ஆம் அதிகாரமான கண்ணோட்டம், அதாவது பிறரிடம் காட்டும் கனிவு, அருமையாகப் பொருந்தும், ஆனால் இன்று அதற்குப் ‘பார்வை’ என்றே பொருள். பரிவைப் பாருங்கள். 376-ஆம் குறளில் ‘பரியினும்’ என்றால் வருந்திக் காத்தாலும். பரிவுக்குள் காவல் இருக்கிறது. ஆகவே தற்பரிவு. (குதிரைக்கும் பரிதான். அது இன்னொரு நாள்.)

கா.: காவல் பிடித்திருக்கிறது. முடிவெடுக்கும் விதத்தை அளக்க 1994-இல் வந்த அயோவா சூதாட்டச் சோதனையில் நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகள் பெரிய தொகையைக் காட்டி, போகப்போக அதைவிட அதிகமாகப் பிடுங்கிவிடும். “நான் ஒரு முட்டாள்” என்று திட்டிக்கொள்பவர் விட்டதைப் பிடிக்க மறுபடி அதே கட்டுக்குப் போகிறாரா என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

ம.: தன்னைத் தானே தட்டிக்கொடுத்தால் மட்டும் போகமாட்டாரா?

கா.: தவறை மறைப்பது பரிவாகாது, ஐயா. “பணம் போனது என் முடிவால்தான். யாருக்கும் நடப்பது. இத்தோடு எழுந்துவிடுகிறேன்” என்பதும் பரிவுதான். சரி, இரண்டு மாணவரிடம் ‘தற்பரிவு’ காட்டினேன். ஒருவருக்குப் புரிந்தது. மற்றவர் “தற்பெருமை மாதிரியா?” என்றார். அப்புறம்தான் உறைத்தது, கூற்றுகளில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘என்னிடம் நான் பரிவோடு நடந்துகொள்கிறேன்’ போதும். தலைப்பில் மட்டும் தற்பரிவு.

வே.: சரி.

ம.: தூக்கம் வருகிறது. சரி.

இ.: தலைப்பிலும் தன்னளியே. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.