புதுப்பிப்பு: மாரி மழைக்கு முன் போட்ட அத்திவாரம் என்ன ஆனது

ஐப்பசியில் கேட்டிருந்தேன்: மட்டக்களப்பு ஆரையம்பதியில் அத்திவாரம் முடிந்தது, சுவர் எழுப்பக் காசு தை கடந்துதான் வரும், மாரி மழைக்கு என்ன செய்வது என்று. பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

அத்திவாரம் தப்பியது. கைகொடுத்தது, இரண்டு பக்கமும் மண் நிரப்பி இடித்து இறுக்கச் சொல்லிப் பதில் எழுதிய அண்ணனின் யோசனைதான். எங்களுடையது மணல் தரை, திறந்தபடி விட்டிருந்தால் அடி அரித்திருக்கும். தூண் கம்பிகளுக்குச் சீமெந்துக் கூழ் பூசினோம். போன கிழமை கம்பித் தூரிகையால் உரசிப் பார்த்தபோது துரு பெரிதாக இல்லை. நான் கெட்டித்தனமாகப் பொலித்தீன் சுற்றிய நான்கு கம்பிகள்தான் மோசம். உள்ளே வேர்த்துத் துருப்பிடித்துவிட்டன.

எதிர்பாராதது, பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர். ஒரு மூலையில் முழ ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டது. கிறவல் கொட்டி, தண்ணீர் ஓடச் சின்னக் கான் ஒன்று வெட்டினேன். நாளை மேசன் வருகிறார்.