அசையாத 2.14: ஓடிக்கொண்டே பொய் சொன்ன கருவிகள், உங்கட அனுபவத்தையும் போடுங்க

படுவான்கரையான்:

குளத்து நீர்மட்டக் கருவி. பெட்டிக்குள்ள ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிச் சில்லு, துருசுப் பக்கம் தண்ணிக்குள்ள அமுக்க சென்சர், இடையில தரவு போற 40 மீற்றர் ஆர்எஸ்-485 வயர், சோலர், பற்றரி, சிம். எல்லாருக்கும் தெரிஞ்ச அமைப்புத்தான், நேரா விசயத்துக்கு வாறன்.

மூன்று நாள் 2.14 மீற்றர். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா செய்தி வந்துகொண்டே இருந்தது, ஒண்டுகூடத் தவறயில்ல. மூன்று நாளும் அடைமழை. குளம் நிரம்பி வான் பாயுது எண்டு ஆக்கள் போனில படம் அனுப்புறாங்க, திரையில 2.14, பக்கத்தில பச்சைப் புள்ளி. அந்தப் பச்சைப் புள்ளிதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

நடந்தது இதுதான். நிரலில இரண்டு டாஸ்க், தனித்தனியா ஓடுற இரண்டு வேலை. ஒண்டு சென்சரை வாசிச்சு ஒரு மாறியில போடும், மற்றது அதை எடுத்து அனுப்பும். வயர் பொருத்துக்குள்ள தண்ணி போய், சென்சர் அனுப்புற மொட்பஸ் பதில் பாதியில அறுந்திருக்கு. வாசிக்கிற டாஸ்க், மிச்ச மூன்று பைட்டும் வரும் எண்டு காலவரம்பு இல்லாமக் காத்துக்கொண்டு நிண்டுட்டு. அனுப்புற டாஸ்க்குக்கு ஒரு குறையும் இல்ல, பழைய எண்ணையே எடுத்தெடுத்து அனுப்பியிருக்கு. வாட்ச்டோக் எண்டது இடைக்கிடை தொடாட்டி, நிரல் உறைஞ்சிட்டு எண்டு கருவியை மீளத் தொடக்கிற காவல் ரைமர். அதுக்குத் தீனி போட்டதும் அதே அனுப்புற டாஸ்க்தான். காவல் நாய்க்குக் கள்ளனே சோறு வச்ச கதை.

மாத்தினது: பதிலுக்கு 300 மில்லிசெக்கன், மூன்று தரம் முயற்சி, அதுக்குமேல "வாசிப்பு இல்ல". ஒவ்வொரு எண்ணோடயும் அது வாசிச்ச நேரம் சேர்ந்து போகும். 15 நிமிசத்துக்கு மேல பழசானா வெறுமை போகும், பூச்சியம் போகாது. பூச்சியம் எண்டா குளம் வத்திட்டு எண்டு அர்த்தம், அது வேற செய்தி. ஒவ்வொரு டாஸ்க்கும் "ஓடுறன்" எண்டு காட்டத் தன்ர பிட்டை, கொடி மாதிரி, உயர்த்தும், எல்லாப் பிட்டும் உயர்ந்தா மட்டும் மேற்பார்வை டாஸ்க் வாட்ச்டோக்கைத் தொட்டுட்டு, பிட்டுகளை அழிக்கும். வாசிக்கிற டாஸ்க் பத்து நிமிசம் தூங்கினா பிட் உயராதே எண்டு கேப்பீங்க. தூக்கத்தை 5 செக்கன் துண்டுகளா வெட்டி, துண்டுக்குத் துண்டு உயர்த்துங்க. ஆனா பதிலுக்குக் காத்திருக்கிற சுற்றுக்குள்ள மட்டும் உயர்த்திராதீங்க. உயர்த்தினா திரும்பப் பழைய கதைதான்.

திரையில நிறத்தைத் தீர்மானிக்கிறது செய்தி வந்த நேரம் இல்ல, எண்ணுட வயசு. இன்னொண்டு: தண்ணி அசையாம நிண்டாலும் அமுக்க சென்சருட கடைசி இலக்கம் ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் துடிக்கும். பன்னிரண்டு வாசிப்பு ஒரு புள்ளியும் மாறாம வந்தா, அது அமைதி இல்ல.

கல்முனைக்கணக்கன்:

49 நாள், 17 மணித்தியாலம், 2 நிமிசம், 47 செக்கன். இதைப் பார்த்த உடனே விளங்கினவங்க அடுத்த பதிவுக்குப் போகலாம்.

இறால் குளம், காற்றூட்டி மோட்டர், கட்டுப்படுத்துறது ஆர்டுயினோ எண்ட சின்னக் கணினிப் போட் ஒண்டு. 20 நிமிசம் ஓடும், 10 நிமிசம் நிக்கும். ஐம்பதாவது நாள் விடியப்புறம் மோட்டர் நிண்டது நிண்டதுதான். விளக்கு எரியுது, திரையில கடிகாரம் ஓடுது, மோட்டருக்கு மட்டும் கட்டளை இல்ல. விடியப்புறம்தான் தண்ணியில ஒட்சிசன் ஆகக் குறைவா இருக்கிற நேரம், அதால மற்ற நேரத்தில நிண்டதுபோல இல்ல இது.

மில்லிஸ் எண்டது போட் தொடங்கினதில இருந்து மில்லிசெக்கனை எண்ணுற எண்ணி, 32 பிட். 4,294,967,295 வரைக்கும் எண்ணிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பும். நிரலில "இப்போதைய நேரம் அடுத்த நேரத்தை விடப் பெரிசா" எண்டு கேட்டிருக்கு. அடுத்த நேரம் உச்சிக்குக் கொஞ்சம் கீழ நிக்க, எண்ணி பூச்சியத்துக்குப் போயிட்டு. இனி அந்த இடத்தை எட்ட இன்னொரு 49 நாள். எதிர்ப்பக்கமும் நடக்கும்: இடைவெளியைக் கூட்டக்குள்ள "அடுத்த நேரம்" முதல்ல பூச்சியத்துக்குச் சுருண்டா, நிபந்தனை ஒவ்வொரு சுற்றிலயும் உண்மையாகி ரிலே டக்டக்கெண்டு அடிக்கும், மோட்டரை ஓன் ஓஃப் பண்ற கொன்றக்டர் கருகும். சரியான முறை கழித்தல்: இப்போதைய நேரத்தில தொடங்கின நேரத்தைக் கழிச்சு, இடைவெளியோட ஒப்பிடுங்க. இரண்டும் குறியில்லாத 32 பிட் முழு எண்ணா இருந்தா, சுருண்டாலும் விடை பிழைக்காது. ஒண்டை குறியுள்ள 16 பிட்டில வச்சா 32 செக்கன்லயே பிழைக்கும்.

சோதிக்க 49 நாள் இருக்கத் தேவையில்ல. நேரத்தை ஒரு சின்னச் செயல்கூறு ஊடாக எடுங்க, சோதனையில அதோட 4,294,907,296 கூட்டுங்க. ஒரு நிமிசத்தில சுருளும். பெரிய இடத்திலயும் இதே வருத்தம்தான்: போயிங் 787 மின்னாக்கிக் கட்டுப்பாட்டில 248 நாள் தொடர்ந்து ஓடினா நிண்டுபோகும் எண்டு 2015இல அமெரிக்க விமானத்துறை அறிவிச்சது. செக்கனில நூறில ஒரு பங்கா எண்ணி, குறியுள்ள 32 பிட்டை நிரப்பிப் பாருங்க, எத்தனை நாள் வருது எண்டு.

கிழமைக்கு ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாப் போதும் எண்டு சொல்ல வாறவங்களுக்கு: அது பூசி மெழுகுறது.

வாவிக்கரை:

கணக்கன் அண்ணன், கடைசி வரியை ஒத்துக்கொள்ள ஏலாது. பூசி மெழுகுறதுக்கும் திட்டமிட்ட மீள்தொடக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கு. 1991 பெப்ரவரி 25, சவூதியில இருக்கிற தஹ்ரானில பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஈராக்கின்ர ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 பேர் செத்தாங்க. பத்தில ஒரு செக்கனை 24 பிட்டில துல்லியமா எழுத ஏலாது, அந்தச் சின்ன வெட்டு 100 மணித்தியாலத்தில 0.34 செக்கன் ஆகியிருந்தது. நீண்டநேரம் ஓடினாப் பிழைக்கும் எண்டு முதலே அறிவிச்சிருந்தாங்க, "நீண்டநேரம்" எண்டா எத்தனை மணித்தியாலம் எண்டு மட்டும் சொல்லயில்ல. திருத்தின மென்பொருள் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மீளத் தொடக்கு எண்டு ஒரு எண் குடுத்திருந்தாப் போதும்.

நிரலைத் திருத்துங்க, ஆரும் வேணாமெண்டு சொல்லயில்ல. திருத்தம் வாற வரைக்கும் எண்ணோட சொல்லுங்க, மீளத் தொடங்கின காரணத்தையும் நிலைநினைவகத்தில எழுதுங்க. மின்தடையா, வாட்ச்டோக்கா, கட்டளையா எண்டு தெரியாத மீள்தொடக்கம்தான் பூசி மெழுகுறது.

பழையநானோ:

வாட்ச்டோக் போடச் சொல்றவங்க ஒண்டைச் சொல்லாம விடுறாங்க. பழைய பூட்லோடர் (போட் தொடங்கக்குள்ள முதல்ல ஓடுற சின்ன நிரல்) உள்ள ஆர்டுயினோ நானோவில வாட்ச்டோக் அடிச்சா போட் எழும்பவே எழும்பாது, எல்ஈடி படபடவெண்டு சிமிட்டிக்கொண்டே நிக்கும். அடிச்ச பிறகும் வாட்ச்டோக் ஓஃப் ஆகாது, ஆகக் குறுகின நேரமான ஏறக்குறைய 15 மில்லிசெக்கனில திரும்ப அடிக்கும். பூட்லோடர் அதை ஓஃப் பண்ண முன்னமே அடுத்த அடி. கரண்டைக் கழட்டினாத்தான் விடும், 30 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற பெட்டியில ஆர் கழட்டுறது? ஒப்டிபூட் எண்ட பூட்லோடரை ஏத்திட்டு மேசையிலயே ஒரு முடிவில்லாச் சுற்றுப் போட்டு அடிக்க வச்சுப் பாருங்க. அவ்வளவுதான்.

ஒலுவில்காத்து:

இரட்டைச் சென்சர் கதை. ஒண்டு பழுதானா மற்றது காட்டும் எண்டு இரண்டு போட்டாச்சு. இரண்டும் ஒரே நிமிசத்தில செத்துது. ஒரே பற்றரி, ஒரே 5 வோல்ற் ரெகுலேற்றர், ஒரே பெட்டி. திறந்தா ரெகுலேற்றர் காலில பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செம்புத் துரு. 1996 ஜூன் 4 ஏரியன் 5 ரொக்கட் வெடிச்சதும் இதே பாடம்தான்: பிரதானக் கணினியும் மாற்றுக் கணினியும் ஒரே மென்பொருள், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிச்சதில இரண்டும் ஒண்டுபின்னொண்டா விழுந்தது.

வாட்ச்டோக், மில்லிஸ் எண்டு எல்லாரும் நிரலையே கதைக்கிறீங்க. கடற்கரையில கருவியைக் கொல்றது உப்புத்தான். பெட்டியை எவ்வளவு இறுக்கி மூடுறீங்களோ அவ்வளவு கெடுதி. வெயிலில உள்காத்து விரியும், திடீரெண்டு மழை விழக்குள்ள சுருங்கும், சுருங்கக்குள்ள ரப்பர் வளைய இடுக்கால ஈரக்காத்தை உறிஞ்சும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம். நீரை விடாம காத்தை விடுற மெம்பிரேன் மூச்சுத்துளை ஒண்டு அடியில போடுங்க. வயர் நுழையிற கிளாண்ட் எல்லாம் அடிப்பக்கம், மேலயோ பக்கத்திலயோ ஒண்டும் வேணாம். வயர் உள்ள போக முன்னம் ஒரு யூ வளைவு, தண்ணி அதில சொட்டட்டும். ஆணி 316 துருப்பிடியா உருக்கு, 304 கடற்கரைக்குக் காணாது. போட்டுக்கு ஈரம் படாமக் காக்கிற கொன்போர்மல் பூச்சு இரண்டு தரம், கனெக்டருக்கு முன்னம் டேப் ஒட்டி மறைச்சிட்டு. பூச முன்னம் ஈயப் பத்து வச்ச இடத்தில மிஞ்சின ஃபிளக்ஸை ஐசோபுரப்பைல் அற்ககோலால கழுவுங்க, கழுவாம பூசினா உப்பையும் ஈரத்தையும் உள்ளுக்கு வச்சு அடைக்கிறீங்க. சிம் போடுற ஜிஎஸ்எம் மொடியூல் திடீரெண்டு அரை மில்லிசெக்கனுக்கு 2 அம்பியர் இழுக்கும், அதுட கரண்ட் கால் பக்கத்திலயே 1000 மைக்ரோஃபரட் கபாசிட்டர் வையுங்க, இல்லாட்டி சிக்னல் குறைஞ்ச இடத்தில மட்டும் றீசெற் ஆகும், மேசையில ஆகாது. இரண்டு சென்சர் வேணுமெண்டா ஒண்டு அமுக்கம், மற்றது மேல இருந்து ஒலி அனுப்பி, அது திரும்பி வாற நேரத்தில தூரம் பார்க்கிற அல்ட்ராசொனிக். வேற பற்றரி, வேற நிரல்.

படுவான்கரையான்:

நானா, பெட்டியைப் பற்றி நான் கேக்கவேயில்ல. ஆனா அல்ட்ராசொனிக்குக்கு ஒரு எதிர்ப்பு இருக்கு. கச்சான் காத்துக் காலத்தில காத்து 25 பாகையில இருந்து 35க்கு ஏறினா ஒலியுட வேகம் 1.7 வீதம் கூடும். 4 மீற்றர் உயரத்தில வச்சா 7 சென்ரிமீற்றர் பிழை, பகலில குளம் உயர்ந்து இரவில இறங்கும். வெப்பநிலைத் திருத்தம் இல்லாம அதை நம்பி அமுக்க சென்சரைக் குறை சொல்லாதீங்க.

அமுக்க சென்சரும் சுத்தமில்லதான், சரி. அந்த வயருக்குள்ள வளிமண்டலக் காத்து போற மெல்லிய குழாய் ஒண்டு ஓடுது. அதுட மேல்முனையில சிலிக்கா ஜெல் இல்லாட்டி ஈரம் கட்டி அடைக்கும். அடைச்சா காத்தழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைய மட்டம் 1 சென்ரிமீற்றர் குறைஞ்சமாதிரிக் காட்டும். தாழமுக்கம் வந்து பத்து ஹெக்டோபாஸ்கல் இறங்கி, மழை கொட்டி, குளம் நிரம்புற அதே நாளில, இது பத்து சென்ரிமீற்றர் குறைச்சுச் சொல்லும்.