தத்தெடுத்த தெருப்பூனை மணல் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது – உதவி தேவை

மொட்டைமாடி:

வணக்கம். சென்னை அம்பத்தூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். கீழே தெருவில் திரிந்த கடுவன் பூனை. வயது ஒன்றரை இருக்கலாம், எடை 3.6 கிலோ. வீட்டுக்குள் கொண்டுவந்து 5 வாரம், கருத்தடை செய்து 4 வாரம் ஆகிறது. தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் கொடுத்தாச்சு.

மலம் பெட்டிக்குள்தான் போகிறது. சிறுநீர் மட்டும் வெளியே. வாசல் சணல் கால்மிதியில் தினமும், மெத்தையின் கால்மாட்டு மூலையில் இதுவரை 3 முறை, மடிக்காமல் கிடந்த துவைத்த துணிக் குவியலில் 1 முறை.

பெட்டி 40 × 30 செ.மீ., மேலே மூடி, முன்னால் ஆடும் கதவு. மணல் சிலிக்கா வகை, கண்ணாடிக் கல் மாதிரி இருக்கும், லாவண்டர் வாசனை. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறோம், சாப்பாட்டுக் கிண்ணமும் அங்கேதான். போன இடத்தை உடனே பினாயில் ஊற்றித் துடைத்தாலும் மறுநாள் அதே இடம்.

"எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுடு"ன்னு மாமியார் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வேப்பங்காற்று:

முதலில் உடம்பு, பிறகுதான் பழக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்றைக்கே உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது? ஒவ்வொரு முறையும் எவ்வளவு? குந்தி உட்கார்ந்து முக்குகிறதா, கத்துகிறதா, ரத்தம் தெரிகிறதா, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறதா?

கடுவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் திரும்பி சிறுநீரகத்தை அழுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத்துடிப்பு தடுமாறும். 24 மணி நேரம் கடந்தாலே உயிருக்கு ஆபத்து. திரும்பத் திரும்பக் குந்தியும் சொட்டுதான் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பலர் அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், அரை மாத்திரை கொல்லும்.

அந்த அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்கள் போய்வரலாம். வீட்டிலேயே பிடிக்க வேண்டுமானால் பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மீன்தொட்டிக் கல்லைக் கொதிக்கவைத்துக் கழுவி ஒரு பிடி போடுங்கள். தேங்குவதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் படிகங்கள் தானே உருவாகி முடிவு தப்பாக வரும். அடர்த்தி, பி.எச். (அமிலத்தன்மை), ரத்தம், படிகம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். இந்த வயதுப் பூனைக்குக் கிருமித்தொற்று அபூர்வம் என்பதால் பரிசோதனை இல்லாமல் ஆன்டிபயாடிக் தொடங்குவதில் பெரும்பாலும் பலனிருக்காது.

மொட்டைமாடி:

நன்றி. பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிய குளம். குந்தித்தான் போகிறது, முக்கல் இல்லை, கத்தல் இல்லை. அடர்த்தி 1.045, பி.எச். 6.5, ரத்தம் இல்லை, படிகம் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பை நன்றாகக் காலியாகிறது என்றார் மருத்துவர்.

இன்னொன்று கவனித்தேன். மலம் போகும்போது பின்னங்கால் மட்டும் மணலில் இருக்கிறது, முன்னங்கால் இரண்டும் பெட்டி விளிம்பில். மூடுவதற்குப் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரைத்தான் சுரண்டுகிறது, மணலைத் தொடுவதில்லை. வெளியே வந்ததும் ஒவ்வொரு காலாக உதறிவிட்டு ஓடுகிறது.

பூனைவீடு:

சகோ, கடைசியா எழுதினீங்களே அந்த நாலு வரி, அதுலதான் விஷயமே இருக்கு. முன்னங்காலை விளிம்புல ஊன்றது, சுவரைச் சுரண்டுறது, காலை உதறுறது, மூணும் ஒரே சேதிதான்: இந்த மணல் அதன் பாதத்துக்குப் பிடிக்கலை. பழிவாங்குறதும் இல்லை, திமிரும் இல்லை. மாமியார்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

தெருவுல அது போனது செடியடி மண்ணுலயும் வீடு கட்டுற இடத்து மணல் குவியல்லயும். பாதம் புதையணும், தோண்டணும், ஈரம் உடனே உள்ளே இழுக்கணும். சிலிக்கா கல்லு பாதத்தைக் குத்துது, சிறுநீர் பட்டதும் படபடன்னு சத்தம் வேற போடும். உங்க வீட்டுல மண்ணுக்குக் கிட்டத்துல இருக்கிறது என்ன? மெத்தை, சணல் மிதியடி, துணிக் குவியல். மெத்துனு இருக்கு, உறிஞ்சுது, தெறிக்கலை. அது தேடிப்பிடிச்ச இடங்கள் அதோட கணக்குல ரொம்பச் சரி.

பெட்டியிலயும் கோளாறு இருக்கு. மூடி போட்டா அமோனியா நெடி உள்ளேயே சுத்தும். தெருவுல வளர்ந்த பூனை, யார் வராங்கன்னு பாக்க முடியாத, ஒரே வாசல் உள்ள இடத்துல குந்தத் தயங்கும். மெஷின் எந்த நேரம் அதிரும்னு அதுக்குத் தெரியாது. சாப்பிடுற இடத்துப் பக்கத்துல கழிக்கிறதும் அதுக்கு ஒவ்வாது.

இப்படி மாத்துங்க. மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரைக்கும் அளங்க. உங்க பூனை 42 செ.மீ. இருக்கும்னா ஒன்றரை மடங்கு, 63. பூனைக் கடையில இந்த அளவுக்குத் தேடி அலையாதீங்க, துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி 65 × 45 வாங்கி மூடியைத் தூக்கிப் போடுங்க. ஒரு பக்கம் மட்டும் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டின விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்குங்க. ஒரு பூனைக்கு ரெண்டு பெட்டி. ரெண்டையும் ஒட்டி வெச்சா பூனைக் கணக்குல அது ஒண்ணுதான், அதனால வேற வேற மூலை.

முதல் பெட்டியில ஆத்து மணல், 5 செ.மீ. உயரம். எம்-சாண்ட் வேண்டாம், பாறையை உடைச்சது, முனை கூரா இருக்கும். சிலிக்காவுல பட்ட பாட்டையே திரும்பப் படும். கடல் மணல்ல உப்பு இருக்கிறதால ஈரம் காயாது. சல்லடையில சலிச்சு, கழுவி, மொட்டை மாடியில மெல்லிசாப் பரப்பி ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயவெச்சுக் கொட்டுங்க. காயுறப்போ மேலே வலை போடுங்க, இல்லேன்னா தெருப் பூனைங்க வந்து போயிடும்.

ரெண்டாவது பெட்டியில வாசனை இல்லாத, பொடியான, கட்டி பிடிக்கிற பென்டோனைட் மணல். நம்ம நாட்டுல இது பெரும்பாலும் குஜராத் கச்சுப் பகுதியிலிருந்து வர்ற களிமண்தான், பாதத்துக்கு மண்ணு மாதிரியே இருக்கும். அடிப்பக்கம் 58 × 38 இருந்தா 5 செ.மீ. நிரப்ப 10 கிலோ பிடிக்கும். காசை மிச்சம் பிடிக்க 2 செ.மீ. போடாதீங்க; தோண்டினதும் பிளாஸ்டிக் தட்டுப்படும், சிறுநீர் அடியில ஒட்டிச் சேறாகும்.

ஒரு வாரம் எது பிடிக்குதுன்னு விட்டுப் பாருங்க. ஆத்து மணலைப் பிடிச்சுக்கிட்டா அவசரப்பட்டு மாத்தாதீங்க. 4 நாளைக்கு ஒரு தரம் கால் பங்கு மணலை எடுத்துட்டு அதுக்குப் பதிலா பென்டோனைட். 16 நாள்ல முழுசும் மாறிடும். நடுவுல ஒரு தரம் வெளியே போனாலும் முந்தின கலவைக்குத் திரும்பி ஒரு வாரம் நில்லுங்க. ஆத்து மணல் கட்டி பிடிக்காது, ஈரமான இடத்தைச் சுத்தி நல்லா அகலமா அள்ளணும், 3 நாளைக்கு ஒரு முறை மொத்தமாக் கொட்டி மாத்தணும். பென்டோனைட்டை தினம் ரெண்டு வேளை அள்ளினாப் போதும், மாசம் ஒருமுறை முழுசா மாத்துங்க. அள்ளினதைக் கழிவறையில கொட்டாதீங்க, குழாயில சிமெண்ட் மாதிரி இறுகும்.

இந்தப் பழக்கம் படியுற வரைக்கும் 10 நாள் அதுக்கு ஒரு அறை போதும். மெத்தை, சோபா, தரைவிரிப்பு எதுவும் இல்லாத அறை. பெட்டிங்க ஒரு கோடி, சாப்பாடும் தண்ணியும் மறு கோடி, நடுவுல குறைஞ்சது 2 மீட்டர். உசரத்துல ஒரு அட்டைப்பெட்டியில பழைய புடவை. சணல் மிதியடியை இப்பவே எடுத்துட்டு ரப்பர் மிதியடி போடுங்க. தப்பான இடத்துல போறதை நேர்ல பார்த்தாலும் அதட்டாதீங்க, மூக்கை அதுல தேய்க்காதீங்க. உங்க முன்னால போகக்கூடாதுன்னு மட்டும்தான் கத்துக்கும், அப்புறம் கட்டிலுக்கு அடியில போகும்.

வெள்ளாவி:

பினாயிலை இன்னிக்கே நிறுத்துங்க. கருப்பு பினாயில்ல ஃபீனால், வெள்ளையில பெரும்பாலும் பைன் எண்ணெய். பூனையோட கல்லீரலுக்கு இதை உடைச்சு வெளியேத்துற சக்தி ரொம்பக் குறைவு. தரையில நடந்து பாதத்தை நக்கினா நேரா வயித்துக்குள்ள போகுது. "பூனை வராம இருக்க" அந்துருண்டை, கற்பூரம் போடச் சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க, ரெண்டும் விஷம். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோட சேர்ந்தா மூச்சுக்கு ஆகாத வாயு வரும்.

துடைச்ச இடத்துக்கே ஏன் திரும்ப வருதுன்னா, சிறுநீர்ல இருக்கிற யூரிக் அமிலப் படிகம் தண்ணியில கரையாது. நமக்கு வாடை போயிடுச்சு, அதுக்குப் போகலை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காத்துல நம்ம மூக்குக்கே திரும்பத் தெரியும். அதை உடைக்க என்சைம் கிளீனர்தான் வேணும், செல்லப்பிராணிக் கடையில கேளுங்க.

ராத்திரி விளக்கை அணைச்சுட்டு 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடிங்க. மஞ்சள் பச்சையா மினுக்குற இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க. நீங்க நினைச்சதை விட நிறைய வட்டம் விழும்.

மெத்தைக்கு: முதல்ல வெறும் தண்ணி ஊத்தி, துண்டால ஒத்தி, பழைய பினாயிலையும் சோப்பையும் எடுத்துடுங்க. அது மிச்சம் இருந்தா என்சைம் வேலை செய்யாது. தெளிச்சுத் துடைக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மேலே உள்ளங்கை அகலம் தெரிஞ்சா பஞ்சுக்குள்ள ரெண்டு மடங்கு பரவியிருக்கும். ஒரு இடத்துக்கு 150 முதல் 200 மி.லி. ஊத்துங்க, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி 12 மணி நேரம் ஈரமாவே வைங்க, அப்புறம் தாளை எடுத்துட்டு ஃபேன் காத்துல காயவிடுங்க. காஞ்சதும் இன்னொரு தரம். ஃபோம், நார் மெத்தை இதுல தேறிடும். இலவம்பஞ்சுன்னா தையலைப் பிரிச்சு அந்த மூலைப் பஞ்சை எடுத்துட்டு வேற அடைங்க, மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை.

துணியைப் பச்சைத் தண்ணியில அலசி, ஒரு வாளியில 200 மி.லி. வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவெச்சுத் துவைங்க. வெந்நீர் வேண்டாம், வாடை இறுகிடும். தரை ஓடு இடுக்குல பழைய கறை இருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில பெரும்பாலும் 6% கிடைக்கும், சம அளவு தண்ணி கலந்தா 3%. அதுல 250 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு. அப்பப்போ கலந்து அப்பவே ஊத்துங்க, மூடி வெச்சா பாட்டில் வெடிக்கும். துணியில சாயம் போகும்.

மொட்டைமாடி:

12 நாள் நிலவரம். முதல் நாள் ராத்திரியே ஆற்று மணலில் போய்விட்டது. நான்கு காலையும் உள்ளே வைத்துத் தோண்டி, போய், மூடியது. இப்போது பாதிக்குப் பாதி பென்டோனைட் கலந்திருக்கிறேன், தயக்கமில்லை. மெத்தை, கால்மிதி இரண்டிலும் ஒன்றுமே இல்லை.

புதிதாக ஒன்று. நேற்றும் இன்றும் காலையில் பால்கனிக் கதவில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், கொஞ்சமாக ஒழுகிய தடம். வாடை கடுமையாக இருக்கிறது. விடிகாலை 5 மணிக்கு வெளியே சன்ஷேடில் ஒரு பெரிய கடுவன் வந்து உட்காருகிறது. மணலை மாற்றியது தப்பா?

பூனைவீடு:

மணலை அப்படியே தொடருங்க. இது வேற சங்கதி. குந்திப் போனா கழிக்கிறது. நின்னுக்கிட்டு, வாலைத் தூக்கி நடுக்கிக்கிட்டு, சுவர்ல கொஞ்சமாப் பீய்ச்சினா எல்லை குறிக்கிறது. பெட்டியை எப்படி மாத்தினாலும் இது நிக்காது, வெளியே இருக்கிற கடுவன் கண்ணுல படாம இருக்கணும்.

கதவோட அடிப்பாகம் 60 செ.மீ. வரைக்கும் உள்பக்கமா அட்டையோ, ஒளி மட்டும் வர்ற பனிக்கண்ணாடி ஸ்டிக்கரோ ஒட்டுங்க. ராத்திரி பால்கனிக் கதவு சாத்தியே இருக்கட்டும். சன்ஷேடு கைக்கு எட்டினா அங்கேயும் என்சைம் ஊத்திக் கழுவுங்க, அந்தக் கடுவனும் அங்கே பீய்ச்சியிருக்கும். முடிஞ்சா அதையும் பிடிச்சுக் கருத்தடை பண்ணிடுங்க, ரெண்டு பக்கமும் அடங்கும். கதவுப் பக்கத்துல உறுதியான, 80 செ.மீ. உயரமுள்ள சணல் சுத்தின நகம் பிறாண்டும் கட்டை ஒண்ணு வைங்க. பிறாண்டறதும் வாசனை வைக்கிற வழிதான், பீய்ச்சறதுக்கு அது மாற்று.

உங்க பூனைக்குக் கருத்தடை ஆகி இப்பதான் 6 வாரம். ஹார்மோன் வடிஞ்சாலும் பழக்கம் விட இன்னும் சில வாரம் ஆகலாம். பத்துல ஒன்பது கடுவனுக்குக் கருத்தடையிலேயே நின்னுடும், இல்லேன்னா நல்லாக் குறையும். இன்னும் 6 வாரம் கழிச்சும் வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் பீய்ச்சினா மருத்துவர்கிட்ட கேளுங்க, பதற்றத்துக்கு மருந்து உண்டு. மனுஷ மாத்திரையை நீங்களாக் கொடுத்துடாதீங்க.

மொட்டைமாடி:

புரிந்தது. படுக்கையறைக் கதவை எப்போது திறக்கலாம்? நாத்தனார் 4 மாத கர்ப்பம், அடுத்த வாரம் வந்து தங்கப் போகிறார். அதுவும் கவலை.

வேப்பங்காற்று:

தொடர்ந்து 14 நாள் ஒரு துளியும் வெளியே போகாத பிறகு திறங்கள். முதலில் நீங்கள் உள்ளே இருக்கும்போது மட்டும் 2 மணி நேரம், மெத்தை மேல் தண்ணீர் புகாத உறையுடன். முதல் மாதம் அந்த அறையிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்.

நாத்தனார் மணலை அள்ளக் கூடாது, அவ்வளவுதான்; பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை. டாக்சோபிளாஸ்மா (கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி) முட்டைகள் பூனை மலத்தில் வெளிவந்தவுடன் தொற்றாது, அதற்குக் குறைந்தது ஒரு நாள் ஆகும். எனவே நீங்கள் தினமும் அள்ளி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். நாத்தனாருக்கும் இறைச்சி நன்றாக வெந்ததாக இருக்கட்டும், கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

முழுவதும் பென்டோனைட்டுக்கு மாறியதும் அள்ளும்போது கட்டிகளை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எலுமிச்சை அளவில் 2 அல்லது 3 இருந்தால் சரி. நெல்லிக்காய் அளவில் 6, 7 என்று சிதறிக் கிடந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல், அந்த வாரமே காட்டுங்கள். ஆரஞ்சு அளவுக்குப் பெருத்து, தண்ணீரும் அதிகம் குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டும் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒரு கட்டிகூட இல்லை, வெளியேயும் ஈரம் இல்லை என்றால் அன்றைக்கே வண்டி பிடியுங்கள்.