கிராம சபையில் பெண்களுக்குப் பொன்னாடை: வேண்டுமா, வேண்டாமா?

கண்மாய்க்கரை எழுதியது:

ஒரு யோசனை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியும் ஊருக்கு உழைத்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். மகளிர் தினத்தில் அரசு தரும் அவ்வையார் விருது மாநிலம் முழுக்கத் தேடி எடுக்கிற ஒரு விருது. நம்ம ஊர் பெண்கள் அதற்கு எங்கே எட்டப் போகிறார்கள்?

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், வயல் வேலைக்கு ஆள் கூட்டிப் போகிற கொத்துத் தலைவி. களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டி, எத்தனையோ பெண்களைக் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகவிடாமல் தடுத்தவர். 2001இல் டெல்லி விழாவில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய பிறகுதான் இங்கே பலருக்கு அவரைத் தெரிந்தது. அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மீதிக் கதையையும் சொல்லிவிடுங்கள் நண்பரே. 2019இல் அதே அம்மாவுக்குப் பத்மஸ்ரீ. 2024இல், மத்திய அரசு வீட்டுத் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று அவரே வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அது செய்தியான பிறகு மாநில அரசு வீடு ஒதுக்கியது. காலில் விழுந்தது 2001இல், வீட்டுக்கு உத்தரவு 2024இல்.

பொன்னாடை செலவில்லாத சமாச்சாரம், அதனால்தான் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அது பிடிக்கிறது. கிராமங்களில் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனமே விருது கொடுத்தது. அவர்கள் வாங்குவது இன்னமும் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தது. அந்த ஊழியர்கள் அரசு ஊழியர் போலக் காலமுறை ஊதியம் கேட்டு மறியல் செய்வது இன்றும் செய்தியில் வருகிறது. இவர்களுக்கு ஒரு துண்டைப் போட்டு 'தாயுள்ளம்' என்று பேசிவிட்டால் வேலை முடிந்ததா?

கண்மாய்க்கரை எழுதியது:

சம்பளம் கொடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை வைத்து அடிப்பது உங்களுக்கு வழக்கமாகப் போய்விட்டது. அரசு விருது இருந்ததால்தான் 2024இல் சின்னப்பிள்ளை பேசியது செய்தியானது. பத்மஸ்ரீ வாங்காத ஒரு பாட்டி வீடு இல்லை என்று சொல்லியிருந்தால் எந்த டிவி கேமரா போயிருக்கும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன். விருது வாங்கினால்தான் வீடு என்றால் அது உரிமை இல்லை, சலுகை.

தறிக்குழி எழுதியது:

நான் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவள், கொஞ்சம் இடம் கொடுங்கள். 1989இல் தர்மபுரியில் சுய உதவிக் குழு தொடங்கிய காலத்திலிருந்தே எங்களைப் பாராட்டுவதில் யாரும் குறை வைக்கவில்லை. கலெக்டர் விழாவா, குழுப் பெண்கள் வந்து உட்கார வேண்டும். கணக்கெடுப்பா, விழிப்புணர்வு ஊர்வலமா, கூப்பிடு குழுப் பெண்களை. பஸ் காசு பாதி நேரம் கைக்காசு. அதனால் கணக்குப்பிள்ளை சொல்வது எனக்குப் புரிகிறது.

ஆனால் கண்மாய்க்கரை சொன்னதில் பொன்னாடையை விட்டுவிட்டு, அந்தத் தீர்மானப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெண் பத்து வருஷம் அலைந்து தெருவுக்கு விளக்கு வாங்கியிருப்பாள். கல்வெட்டில் யார் பெயர் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மினிட்டில் அவள் பெயர் இருந்தால் நாளைக்கு ஒருத்தன் மாற்றிப் பேச முடியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, சரி. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது யார்? எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

வில்லாபுரம் லீலாவதியை எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தறி நெசவு செய்யும் குடும்பம், 1996இல் மதுரை மாநகராட்சிக்கு மார்க்சிஸ்ட் கவுன்சிலராகத் தேர்வானார். வார்டுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் தெருவில் வெட்டிக் கொன்றார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பகுதிப் பெரிய மனிதர்களிடம் 'சிறந்த பெண்மணி யார்' என்று கேட்டிருந்தால் அவர் பெயரைச் சொல்லியிருப்பார்களா? யாருக்கும் இடைஞ்சல் தராத ஒருத்தரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஊர்ப் பாராட்டு எப்போதும் அடங்கிப்போகிறவர்களைத் தேடித்தான் போகும்.

கண்மாய்க்கரை எழுதியது:

அதனால்தான் கிராம சபை என்கிறேன். பெரிய மனிதர்கள் வீட்டுத் திண்ணையில் முடிவு செய்வதில்லை. வாக்காளர் எல்லாரும் உட்கார்ந்து, கை தூக்கி, எல்லார் முன்னாலும் முடிவு செய்வது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1993இல் வந்தது, தமிழ்நாட்டில் 2016 சட்டத்தில் அது பாதியானது. 2019 தேர்தலில் அப்படித்தான் போட்டியிட்டார்கள். நாற்காலியில் பெண்கள் வந்துவிட்டார்களே.

தறிக்குழி எழுதியது:

நாற்காலியா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, மறந்துபோச்சா? அவர் பட்டியல் சாதிப் பெண், துணைத் தலைவர் முதலானவர்கள் நாற்காலியில். துணைத் தலைவர் கைதானது அப்புறம். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் மாட்டேன் என்றால் ஒரு மோட்டார் ரிப்பேர் கூட நடக்காது. இந்த இழுபறியைச் சமாளித்து அஞ்சு வருஷம் தாக்குப்பிடித்தவர்களை யார் பாராட்டினார்கள்? இன்னொரு பக்கம் 'பிரசிடென்ட் வீட்டுக்காரர்' என்று ஒரு பதவி சட்டத்திலேயே இல்லாமல் ஊரெல்லாம் இருக்கிறது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசின் தனி அலுவலர்கள் வந்தபோது, அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

கண்மாய்க்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் யார் கட்சி என்றே தெரியவில்லை.

தறிக்குழி எழுதியது:

எந்தக் கட்சியும் இல்லை தம்பி. கை தூக்கச் சொன்னால் கூலி கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் தூக்குவார்கள். அதையும் சேர்த்து யோசியுங்கள் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

என்னைக் கேட்டால் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்ததுதான் பாராட்டு. தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களை எரித்துக் கொன்ற 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போனவர், 1981இல் உழுகிறவர்களுக்கு நிலம் கிடைக்க லாஃப்டி என்கிற அமைப்பைத் தொடங்கினார். நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலத்தை வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் பதிவு செய்து கொடுத்தார். அங்கே யாருக்கும் சால்வை போடவில்லை, பத்திரம் கொடுத்தார்கள். பத்திரத்தில் பெயர் இருந்தால் புருஷனும் மரியாதையாகப் பேசுவான்.

கண்மாய்க்கரை எழுதியது:

அந்தக் கிருஷ்ணம்மாளுக்கே 2008இல் 'மாற்று நோபல்' என்கிற விருது கொடுத்தார்கள், 2020இல் பத்மபூஷண். அவர் வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லையே.

சரி, வாதம் போதும். வரும் கிராம சபையில் எங்கள் ஊரில் இதைப் பொருளாக வைக்க மனு கொடுக்கப் போகிறேன். பெயரை முன்மொழிகிறவர் அந்தப் பெண் என்ன செய்தார் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும், அது அப்படியே மினிட்டில் ஏற வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கொடுங்கள். கூடவே இரண்டாவது பொருளாக, நம் ஊர் சத்துணவுக்கூட ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் வழங்க அரசைக் கேட்டு ஒரு தீர்மானம். அதற்கு நீங்கள் கை தூக்குகிறீர்களா என்று பார்க்கிறேன்.

தறிக்குழி எழுதியது:

இரண்டாவதை முதலில் வையுங்கள். பொன்னாடை போட்டு போட்டோ எடுத்துவிட்டால் கிளார்க் அங்கேயே நோட்டை மூடிவிடுவார்.