ஓசி அறையில் தங்கி எழுதினால் அது கட்டுரையா, விளம்பரமா?

கரிசல்காட்டான்:

வணக்கம். ஆறு வருடமாக மாதச் சம்பளம் இல்லாமல், சாப்பாடும் பயணமும் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறார்கள். அவர்களுடைய மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஆளிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு இரவு தங்கல், ரயில் டிக்கெட், மூன்று வேளைச் சாப்பாடு, சமையற்கட்டைச் சுற்றிப் பார்ப்பது, எல்லாம் அவர்கள் செலவு. நல்லபடியாகத்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் எங்காவது வெளியானால் போதுமாம்.

போகலாம் என்றுதான் தோன்றுகிறது. காரணம், போன முறை சொந்தக் காசில் போய் வந்த கணக்கு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? அதற்குப் பிறகு சின்னப் பட்டறைகள் எப்படி இருக்கின்றன என்று எழுதப் போனேன். நான் பார்க்க நினைத்த பட்டறையில் விடியற்காலையில்தான் வெல்லப்பாகு காய்ச்சுவார்கள். பாகு பதம் வந்த நிமிடத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் வில்லை போட்டாக வேண்டும். அதை ஒரு நாள் பார்த்தால் புரியாது என்று லாட்ஜில் இரண்டு இரவு தங்கினேன். பஸ், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய். கட்டுரைக்குச் சன்மானம் 2,500. அதுவும் வெளியாகி மூன்று மாதம் கழித்து வந்தது. உட்கார்ந்து எழுதிய நாட்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்படி எத்தனை கட்டுரை எழுத முடியும்? கீழே "ஹோட்டலின் அழைப்பில் சென்றேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நேர்மையாக எழுதினால் என்ன தவறு?

ரயில்சினேகிதி:

போகாதீர்கள் தம்பி. பதினான்கு வருடமாக எனக்கும் இதே வேலைதான்.

நீங்கள் பொய் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கும். கோளாறு அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. எதைப் பற்றி எழுதுவது என்பதை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார்.

ஏழெட்டு வருடம் முன்பு நீலகிரியில் ஒரு விடுதி என்னையும் சேர்த்து ஆறு பேரை அழைத்துப் போனது. ஒரு வேன், ஒரு கால அட்டவணை. காலையில் ஜாம் செய்து காட்டினார்கள், மத்தியானம் தேயிலைத் தோட்டம், மாலையில் முதலாளியோடு தேநீர். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஜாம் நன்றாகவே இருந்தது. கடைசி நாள் விடியலில் நானாக எழுந்து ஊருக்குள் நடந்தேன். ஒரு சந்தில் வர்க்கி என்கிற மொறுமொறு அடுக்கு பிஸ்கட் போடும் விறகு அடுப்பு. நீளக் கட்டையால் தட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டே ஒரு பெரியவர் பேசினார். மாவை எத்தனை முறை மடிக்க வேண்டும், மழைக்காலத்தில் மாவு எப்படிச் சண்டித்தனம் செய்யும், பையன்கள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்று இருபது நிமிடம். ஏழு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும் என்று போன் வந்துவிட்டது. திரும்பி ஓடினேன்.

ஜாமைப் பற்றித்தான் எழுதினேன். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் அந்தக் கதையைத் தேடி மலையேறினார்கள். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த அடுப்பு வாசலில் நின்றவள் நான். அந்தப் பெரியவரை மறுபடி தேடிப் போனபோது அங்கே கடை இல்லை.

கடலைமிட்டாய்ப் பட்டறைக்கு பி.ஆர். ஆள் கிடையாது. அழைப்பவரைப் பற்றி மட்டும் எழுதுவது என்று ஆகிவிட்டால், வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதினாலும் பன்னிரண்டும் நீச்சல்குளம் வைத்த இடமாகத்தான் இருக்கும்.

கரிசல்காட்டான்:

அக்கா, வர்க்கிக் கதை மனதைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விடுதி அழைக்காமல் இருந்திருந்தால் நீங்கள் அந்தச் சந்துக்கே போயிருக்க மாட்டீர்களே?

சொந்தக் காசில்தான் போக வேண்டும் என்ற விதி யாருக்கு வசதி? வீட்டில் சொத்து இருப்பவருக்கும், கணவனோ மனைவியோ சம்பளம் வாங்குபவருக்கும். எனக்கு இரண்டும் இல்லை. அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் என்னைப் போன்றவர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போவோம். பட்டறை, சந்து, விறகு அடுப்பு பற்றி எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறார்கள்.

கல்லாப்பெட்டி:

நான் எழுதுகிற ஆள் இல்லை. மதுரைப் பக்கம் மெஸ் நடத்துகிறேன், ஒரு பந்திக்கு முப்பது இலை. இரண்டு பேரும் பெரிய ஹோட்டலையே பேசுகிறீர்கள், எங்களைப் போன்ற இடத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்கள் கடையைப் பற்றி விசாரிக்க வந்த மனிதரிடம் காசு வாங்க எனக்குக் கை வராது. அம்மா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அடுப்படி வரைக்கும் வந்து, மீன் எங்கே வாங்குகிறீர்கள், புளி எந்த ஊர் என்று கேட்டவரை பில் போட்டு அனுப்புவதா? அவர் "இல்லை, நான் காசு கொடுத்தே தீருவேன்" என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ரயில்சினேகிதி அம்மா சொல்லும் சட்டத்தில் எங்கள் வீட்டு வழக்கத்துக்கு இடம் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். போனைத் தூக்கிக்கொண்டு வந்து பத்துத் தட்டு வரிசையாக வைக்கச் சொல்லி, எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துவிட்டு, வீடியோ போட 15,000 ஆகும் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். பத்துத் தட்டும் வீண். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

ஒரே ஒருவர், பத்திரிகைக்காரர் என்று சொல்லாமல் மூன்று முறை வந்து சாப்பிட்டுக் காசு கொடுத்திருக்கிறார். நான்காம் முறை வந்துதான் யார் என்று சொன்னார். அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை ரசத்தில் உப்பு தூக்கல் என்று அச்சில் எழுதினார். வெள்ளிக்கிழமை மாஸ்டர் வேறு ஆள். சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

பிழைதிருத்தி:

வார இணைப்பிதழில் பல வருடம் ஆசிரியர் மேசையில் இருந்தவன். உங்கள் கட்டுரைகளைக் கையில் வாங்கிய பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறோம். இந்த ஹோட்டலில் சாப்பிடலாமா என்று வாசகனுக்குத் தீர்ப்புச் சொல்வது ஒன்று. அதற்கு யாரென்று சொல்லாமல் போக வேண்டும், ஒரு தடவைக்கு மேல் போக வேண்டும், பில் கட்ட வேண்டும். கல்லாப்பெட்டி சொன்ன மனிதர் செய்தது அதுதான். நியூயார்க் டைம்ஸில் 1957இல் உணவுப் பகுதிக்கு வந்த கிரெய்க் கிளைபோர்ன் அதைத்தான் வழக்கமாக்கினார். பலமுறை போவது, பத்திரிகையே காசு கொடுப்பது. அதே இடத்தில் 1990களில் விமர்சகராக இருந்த ரூத் ரைக்கல் விக் வைத்து வேஷம் மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

பாகு காய்ச்சுவதை எழுதுவது வேறு வேலை. அதற்கு வேஷம் போட முடியாது. பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு, அடுப்படிக்குள் போனால்தான் நடக்கும். அங்கே ஒரு டம்ளர் காப்பியை மறுப்பதில் எந்த நேர்மையும் இல்லை. கரிசல் எழுதப்போவது இரண்டாவது வகை என்றால் போகட்டும் என்பதே என் கட்சி.

ஆனால் அந்த "அழைப்பில் சென்றேன்" வரியை நம்பி இருக்காதீர்கள். பக்கத்தில் இடம் பற்றவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது கடைசி வரிதான். நானே வெட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் உறுத்துகிறது. வாசகனுக்குச் சேர வேண்டியதை மூன்று செண்டிமீட்டருக்காக எடுத்துவிட்டேன். முதல் பத்தியிலேயே, கதையோடு சேர்த்து எழுதுங்கள். அதை வெட்டினால் பத்தி உடையும், யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அப்புறம் சன்மானம். 2,500 ரூபாயில் யாராலும் இரண்டு நாள் தங்கி எழுத முடியாது என்பது மேசைக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறோம். இந்தப் பழியில் பெரிய பங்கு எங்களுடையது.

நாலுமணிக்காப்பி:

வாசகியாக ஒரு வார்த்தை. மூட்டுவலி உள்ள அம்மாவை ஒரு மலை விடுதிக்கு அழைத்துப் போனேன், ஒரு கட்டுரையை நம்பி. அழகு, அமைதி, மூலிகை சூப் எல்லாம் இருந்தது. அறைக்கு எழுபதுக்கும் மேல் படி ஏற வேண்டும் என்பது மட்டும் கட்டுரையில் இல்லை. எழுதியவரை விருந்தாளியாக அழைத்துப் போயிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்க ஆள், ஏறியதும் இளநீர் என்று இருந்தவருக்குப் படி கண்ணில் படவில்லை. அம்மா அந்த இரண்டு நாளும் அறையை விட்டு இறங்கவில்லை.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் சமூக ஊடகத்தில் பரிந்துரை செய்பவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. காசு வாங்கினால் மட்டும் சொன்னால் போதாது. இலவசப் பயணம், ஹோட்டல் தங்கல், அன்பளிப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதுவும் பரிந்துரை எந்த மொழியிலோ அதே மொழியில். தமிழ் வீடியோவின் மூலையில் பொடி ஆங்கில எழுத்தில் போட்டால் சரியாகாது. மீறினால் 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வீடியோ போடுகிறவருக்கே இவ்வளவு என்றால், அச்சில் எழுதுகிறவர் கடைசி வரியில் ஒளிக்கலாமா?

வரிக்கணக்கும் இருக்கிறது. 2022 ஜூலை முதல், தொழில் வழியாகக் கிடைக்கும் இலவசங்கள் ஒரு நிதியாண்டில் ஒரே இடத்திலிருந்து 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீத வரி பிடிக்க வேண்டும். வருமானவரித் துறை அதை உங்கள் ஆதாயம் என்றே பார்க்கிறது. நாம் மட்டும் விருந்தோம்பல் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ரயில்சினேகிதி:

பிழைதிருத்தி சார் பிரித்துச் சொன்னது எனக்கு முழுக்கச் சம்மதம் இல்லை. அடுப்படியில் வாங்கிக் குடிக்கும் காப்பியும் இரண்டு இரவு அறையும் ஒன்றாகாது. கல்லாப்பெட்டி அய்யா, உங்கள் சாப்பாட்டை நான் எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன். நீங்கள் கொடுப்பது உங்கள் வீட்டு வழக்கம், எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொடுப்பீர்கள். ஹோட்டல்காரர் ஒரு மாதத்துக்குள் வெளியாக வேண்டும் என்கிறார். அது கொடுக்கல் வாங்கல்.

சாப்பாட்டு இடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் டயர் கம்பெனியின் வழிகாட்டியைப் பாருங்கள். 1900இல் கார் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகம், டயர் வியாபாரத்துக்காக வந்தது. ஆனாலும் அதன் சோதகர்கள் யாரென்று காட்டிக்கொள்வதில்லை, சாப்பிட்டதற்குக் காசு கொடுக்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் அந்த நட்சத்திரத்துக்கு மதிப்பு இருப்பது அதனால்தான்.

கரிசல்காட்டான்:

மிஷலின் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள் அக்கா. 2017 கடைசியில் பாங்காக் வழிகாட்டி வந்தது தாய்லாந்து சுற்றுலா ஆணையம் கொடுத்த பணத்தில். எந்தத் தட்டுக்கு யார் பில் கட்டினார் என்பது சுத்தமாக இருக்கலாம். எந்த நாட்டுக்குப் போவது என்பதை அங்கேயும் வேறொருவர் பணம்தான் தீர்மானித்தது. நீங்கள் முதலில் சொன்ன அதே கோளாறு.

ஆனாலும் எழுபது படியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. கோவில்பட்டி லாட்ஜில் குழாயில் வெந்நீர் வராது, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இரவு பத்துக்கு மேல் எங்கே சாப்பாடு கிடைக்கும், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. எழுதவும் எழுதினேன். என் காசு போனதால்தான் தெரிந்தது.

நேற்று ஹோட்டலுக்கு எழுதிவிட்டேன். அறையும் டிக்கெட்டும் வேண்டாம், காரைக்குடியில் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன், ஒரு நாள் முழுக்க உங்கள் சமையற்கட்டில் நிற்க விடுங்கள், மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவேன், வெளியாகும் தேதிக்கு உறுதி தரமாட்டேன் என்று. இன்னும் பதில் இல்லை. வேண்டாம் என்றாலும் சொல்லலாம்.

எனக்கு இது முழுத் திருப்தி இல்லை. 4,000 ரூபாய் மறுபடி என் கையிலிருந்துதான் போகும். அடுத்த முறை வேறு முடிவு எடுத்தாலும் எடுப்பேன், அதற்காக என்னை விலைபோனவன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பிழைதிருத்தி:

போவதற்கு முன்பே ஆசிரியரிடம் பயணப்படி கேளுங்கள். எழுதிய பிறகு கேட்டால் கிடைக்காது. பஸ் டிக்கெட், லாட்ஜ் ரசீது தருகிறேன் என்று சொல்லிக் கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். கூச்சப்படாமல் கேட்கிறவருக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரயில்சினேகிதி:

உங்களை அப்படி யாராவது சொன்னால் முதல் ஆளாக நானே சண்டைக்கு வருவேன் தம்பி. அறை விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை, அது வேறு.

காரைக்குடி போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்த ஹோட்டல் பதில் போட்டாலும் போடாவிட்டாலும், கல்யாணத்துக்குப் பலகாரம் செய்து கொடுக்கும் வீடுகளுக்குப் போங்கள். சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல், கந்தரப்பம், டின் டின்னாகப் போகும். சீர் வரிசைக்கு எத்தனை எண்ணிக்கை என்று அந்த ஆச்சிகளுக்கு மனப்பாடம். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் திரும்பி வந்ததோடு சேர்ந்து வந்த கவுனி என்ற கறுப்பு அரிசிக் கதையும் அவர்களிடம்தான் சரியாக இருக்கும். முகூர்த்த மாதத்தில் போகாதீர்கள், பேச நேரம் இருக்காது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் போங்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், மாவு பிசையும்போது கேளுங்கள். யாரைக் கேட்டுப் போவது என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.