சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில்

கொட்டகலையிலிருந்து:

போன தை மாதம் அப்பாயியைக் கண் வைத்தியத்துக்குக் கண்டிக்கு அழைத்துச் சென்றேன். இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான கொட்டகலையில் ரயில் ஏறினோம். பெட்டி முழுக்க வெளிநாட்டுப் பயணிகள். வாசலில் தொங்கியபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கமலைச் சுரங்கம் வந்ததும் வழக்கம்போலப் பிள்ளைகள் கூவினார்கள். அது அரைக் கிலோமீற்றரைத் தாண்டும் சுரங்கம். இருட்டு சட்டென்று விடாது. அந்த இருட்டில் அப்பாயி என் கையை இறுகப் பிடித்தார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் சொன்னார். 1972இல் தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, விட மனமில்லாமல் ஹட்டன் வரை அவரும் டிக்கெட் எடுத்து ஏறியிருக்கிறார். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். சுரங்கத்துக்குள் யார் முகமும் தெரியவில்லையாம், அழுகைச் சத்தம் மட்டும்தானாம். தங்கச்சியின் கை என்று பற்றிக்கொண்டிருந்தது, வெளியே வந்து பார்த்தால் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கை. அந்தப் பெண்ணும் விடவில்லையாம்.

இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் 525,000 பேர். அவர்களைத் தலைமன்னார் கப்பலுக்குக் கொண்டுபோன வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி, அதாவது ஒப்பாரி ரயில். கோப்பிக்காக 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பாதை 1884இல் ஹட்டனைத் தொட்டது என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒப்பாரிக் கோச்சியை விட்டுவிட்டு இந்தப் பாதையின் கதையைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அதில் போயிருந்தால் எழுதுங்கள்.

தலவாக்கலையிலிருந்து:

எங்கள் பெரியப்பா போனார். 2015இல் தலைமன்னார்ப் பாதையை மீண்டும் திறந்த பிறகு, அப்பாவுடன் கடைசி ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்தேன். தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால் கடல்தான். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அண்ணன் தூக்கிப்போன டிரங்குப் பெட்டி பச்சை நிறம் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். திரும்பும்போது ஹட்டன் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

கொட்டகலையிலிருந்து, மறுபடியும்:

இதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் தங்கச்சியின் பெட்டி என்ன நிறம் என்று கேட்டேன். பெட்டி ஏது, மாச் சாக்கில்தான் கட்டிக்கொண்டு போனாள் என்றார்.