உங்களுக்குப் பிடித்த ஐஸ் டான்ஸ் ஜோடி பிரிந்தபோது என்ன செய்தீர்கள்?

பனித்தரையில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஸ்கேட்டிங் செய்து ஆடும் ஐஸ் டான்ஸை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். மனதுக்கு நெருக்கமான ஒரு ஜோடி பிரிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? அதற்கப்புறம் யாரைத் தொடர்ந்து பார்த்தீர்கள்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ரஷ்ய ஜோடியான எலேனா இலினிக், நிகிதா கத்சலாபோவ். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ‘ஸ்வான் லேக்’ இசைக்கு அவர்கள் ஆடிய ஃப்ரீ டான்ஸைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன். வெண்கலம் வாங்கினார்கள். எலேனாவுக்கு அப்போது 19 வயது, நிகிதாவுக்கு 22. இன்னும் இரண்டு ஒலிம்பிக்காவது இவர்களைப் பார்க்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களிலேயே பிரிந்துவிட்டார்கள். நிகிதா போய் விக்டோரியா சினிட்சினாவோடு சேர்ந்தார். விக்டோரியாவோடு அதுவரை ஆடிக்கொண்டிருந்த ருஸ்லான் ஷிகான்ஷின், எலேனாவோடு சேர்ந்தார்.

ரசிகர்கள் எலேனா பக்கம், நிகிதா பக்கம் என்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள். என்னை உறுத்தியது வேறு விஷயம். விக்டோரியாவும் ருஸ்லானும் 2012 ஜூனியர் உலக சாம்பியன்கள். சோச்சியில் ஏழாவது இடம். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த அந்த ஜோடியும் இதோடு சேர்ந்து உடைந்தது. அதற்காக வருத்தப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலைந்தது நான்கு பேரின் உழைப்பு, பேச்சு மட்டும் இரண்டு பேரைப் பற்றி.

அதனால் நான்கு பேரையும் தொடர்வது என்று முடிவெடுத்தேன். அடுத்த சீசனிலேயே எலேனாவும் ருஸ்லானும் ரஷ்ய சாம்பியன் ஆனார்கள், 2015 ஐரோப்பியப் போட்டியில் நான்காவது இடமும் வந்தது. நிகிதாவும் விக்டோரியாவும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பிறகு நிலைமை அப்படியே தலைகீழானது. ருஸ்லான் 2017-இல் போட்டியிலிருந்து ஒதுங்கினார். நிகிதாவும் விக்டோரியாவும் 2021-இல் ஸ்டாக்ஹோமில் பார்வையாளர் இல்லாத அரங்கில் உலகப் பட்டம் வென்று, அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். விக்டோரியா மேடையில் நின்றபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ருஸ்லானையும் அன்று நினைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

தம்பி, நீங்கள் 2014-இல் தொடங்குகிறீர்கள். என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு இந்தப் பேச்சு வந்தாலே ரஷ்யாவின் மரினா அனிசினாதான் ஞாபகத்துக்கு வருவார்.

மரினாவும் இலியா அவெர்புக்கும் இரண்டு முறை ஜூனியர் உலகப் பட்டம் வென்றவர்கள். இலியா பிரிந்து போய் இரினா லோபசேவாவோடு ஆட ஆரம்பித்தார். மரினாவுக்கு அப்போது பதினேழு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. பார்ட்னர் தேடிக் கடிதம் எழுதினார். ஒரு கடிதம் பிரான்சில் இருந்த குவெண்டால் பெய்செராவுக்குப் போனது. 1993-இல் லியோன் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். ஊரையும் பாஷையையும் விட்டுவிட்டு, பார்ட்னர் ஒருவரை நம்பிப் போன பெண்.

குவெண்டாலோடு சேர்ந்து 1998 நகானோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2000-இல் உலகப் பட்டம், 2002 சால்ட் லேக் சிட்டியில் ஒலிம்பிக் தங்கம். அந்த 2002-இல் வெள்ளி யாருக்கு? லோபசேவா, அவெர்புக் ஜோடிக்கு. பிரிந்த இரண்டு பேரும் ஒரே பதக்க மேடையில், அடுத்தடுத்த படியில். அந்தப் பரிசளிப்பைக் கேசட்டில் பதிவு செய்து, திரையில் கோடு விழும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதைப் பழிவாங்கிய கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரினா குவெண்டாலைத் தூக்குவார், பார்த்திருக்கிறீர்களா? ஆணைப் பெண் தூக்கும் லிஃப்ட் அந்த ஜோடியின் அடையாளம். அந்தப் பாணி அந்த இரண்டு பேர் சேர்ந்ததால் பிறந்தது. இலியாவும் இரினாவும் அதே 2002-இல் உலகப் பட்டம் வென்றார்கள், அவர்கள் ஆட்டத்துக்கு வேறு ருசி. ஒரு ஜோடி உடைந்து இரண்டு நல்ல ஜோடி கிடைத்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

* * *

என் மகள் ஐஸ் டான்ஸ் ஆடுகிறாள். பிரிவு என்பதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

செய்தி எங்களுக்கு நேராக வரவில்லை. பையனின் வீட்டார் கோச்சிடம் சொன்னார்கள், கோச் எங்களிடம் சொன்னார். காரணம் கேட்டால், “வேறு பெண்ணோடு ட்ரை-அவுட் நன்றாகப் போனது” என்றார்கள். ட்ரை-அவுட் என்றால் பொருத்தம் பார்க்கச் சேர்ந்து ஆடிப் பார்ப்பது. அவ்வளவுதான் விளக்கம். இந்த விளையாட்டில் பெண் பிள்ளைகள் அதிகம், பையன்கள் மிகக் குறைவு. ஒரு பையனுக்குப் பார்ட்னர் இல்லை என்று தெரிந்தால் போதும், நாலா பக்கமும் இருந்து கூப்பிடுவார்கள். பையனின் கோச்சிங் செலவு, பயணச் செலவு எல்லாவற்றையும் பெண் வீட்டார் ஏற்றுக்கொள்வது இங்கே சாதாரணம். பெண்ணுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். காத்திருக்க வேண்டியதுதான்.

மறுநாளும் மகள் ரிங்குக்கு, அதாவது பனி அரங்கத்துக்கு, போனாள். பாட்டர்ன் டான்ஸை, அதாவது அடவுகள் முன்பே வகுக்கப்பட்ட ஜோடி ஆட்டத்தை, தனியாகவே ஆடினாள். இடது கையை அவன் தோள் இருக்கும் உயரத்தில் நீட்டி, வலது கையை அவன் பிடிக்கும் கோணத்தில் மடக்கி, முழுச் சுற்றும் போய்வந்தாள். அடவு மறந்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். தாயாக அதைப் பார்ப்பது எளிதாக இல்லை.

பிறகு நாங்களும் ட்ரை-அவுட்டுக்குப் போனோம். அது எப்படி நடக்கும் என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. முதலில் லிஃப்டும் கிடையாது, ட்விஸில் என்கிற சுழற்சியும் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு ரிங்கைச் சுற்றிச் சும்மா ஓட்டச் சொல்வார்கள். ஒரு கோச் திரும்பி நின்றுகொண்டு காதால் கேட்டார். நான்கு பிளேடுகளின் சத்தமும் ஒன்றாக விழ வேண்டுமாம், இரண்டு சத்தமாகக் கேட்டால் முழங்கால் மடங்கும் நேரம் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒருவர் ஆழமாக மடங்கி நீளமாகத் தள்ளுவார், இன்னொருவர் நிமிர்ந்து நின்று வேகமாகத் தள்ளுவார். அப்படி இருந்தால் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே போவார்கள். அப்புறம் இடைவெளி. ஒருவர் கால் இன்னொருவர் காலுக்கு நடுவில் போய்வர வேண்டும், பயம் இருந்தால் இடுப்பு தானாகப் பின்வாங்கும். நெருக்கம் குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும்.

புதுப் பையன் கிடைத்தான், நல்ல பையன். ஆனால் அவன் பழையவனைவிட உயரம். பல மாதங்களுக்கு என் மகளின் கை பழைய தோள் உயரத்துக்கே போய், அங்கே எதுவும் இல்லாமல், மேலே ஏறும். ஒரு புது ஜோடியை முதல் சீசனிலேயே “பொருத்தம் இல்லை” என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

* * *

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு போட்டி ஞாபகம் வந்தது. யார் என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். பிரிந்த இரண்டு பேரும் புதுப் பார்ட்னர்களோடு போட்டிக்கு முன் ஒன்றாகப் பயிற்சி செய்யும் ஒரே வார்ம்-அப் குழுவில் வந்துவிட்டார்கள்.

ஐந்து ஜோடிகள் ஒரே நேரத்தில் பனியில் சுற்றும்போது யார் யாருக்கு வழிவிடுவது என்பது ஒரு கலை. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, ஆனால் ஒரு தடவைகூடக் குறுக்கே வரவும் இல்லை. இவர் எந்த மூலையில் லிஃப்டை எடுப்பார், எங்கே திரும்புவார் என்று அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது. மற்ற ஜோடிகள் தடுக்கிக்கொண்டபோது இவர்கள் மட்டும் லாகவமாக விலகி விலகிப் போனார்கள். இத்தனை வருடப் பழக்கம் ஒரு அறிக்கையால் அழிந்துவிடாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எந்தப் பதக்கத்தையும்விட அந்த வார்ம்-அப்தான் எனக்கு அதிகம் நினைவில் இருக்கிறது.

* * *

பிரிவால் கெட்டதே நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்குச் சில பெயர்கள். பைப்பர் கில்ஸும் ஜாக்கரி டோனஹ்யூவும் கொஞ்ச காலம் ஜோடியாக அமெரிக்காவுக்கு ஆடியவர்கள், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? பைப்பர் கனடாவுக்குப் போய், வனெஸ்ஸா க்ரோனைப் பிரிந்திருந்த பால் பாய்ரியரோடு சேர்ந்தார். 2013 டிசம்பரில் கனடியக் குடியுரிமை வாங்கினார், பிறகு உலகப் போட்டியில் பதக்கங்கள். ஜாக்கரி, அதுவரை தன் அண்ணனோடு ஆடிவந்த மேடிசன் ஹப்பெலோடு சேர்ந்து 2022-இல் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். எவன் பேட்ஸ் 2008 ஜூனியர் உலகப் பட்டம் வென்றது எமிலி சாமுவேல்சனோடு. மேடிசன் சாக் அடுத்த வருடம் அதே பட்டம் வென்றது கிரெக் ஸூர்லைனோடு. 2011-இல் சேர்ந்த சாக்கும் பேட்ஸும் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம் வென்று, நடுவில் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

ஆனால் ஆலிசன் ரீடை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் பிறந்தவர். 2010 ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவுக்கு ஆடினார். பிறகு வேறு பார்ட்னரோடு இஸ்ரேலுக்கு, பிறகு சவுலியஸ் அம்ப்ருலேவிசியஸோடு லிதுவேனியாவுக்கு. உலகப் போட்டிக்கு ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும், ஒலிம்பிக்குக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். குடியுரிமை கிடைக்காததால் 2022 பெய்ஜிங்குக்கு அந்த ஜோடியால் போக முடியவில்லை. பார்ட்னர் மாறினால் கொடியும் மாறுகிறது, சட்டமும் மாறுகிறது. வீட்டில் உட்கார்ந்து “வேறு ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று சொல்வது சுலபம்.

* * *

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை, அதையும் இங்கே சொல்ல இடம் வேண்டும்.

பிரான்சின் கேப்ரியெல்லா பாபடாகிஸ், கியோம் சிசெரோன். 2015-இல் ஷாங்காயில் முதல் உலகப் பட்டத்திலிருந்து பார்க்கிறேன். மொத்தம் ஐந்து உலகப் பட்டம். 2018 ஒலிம்பிக்கில் கேப்ரியெல்லாவின் உடை கழுத்தருகே கழன்றபோதும் ஆட்டத்தை நிறுத்தாமல் முடித்து வெள்ளி வாங்கினார்கள். 2022 ஒலிம்பிக்கில் தங்கம். அதற்கப்புறம் போட்டிக்கு வரவில்லை, 2024 டிசம்பரில் விடைபெற்றார்கள். போகட்டும், எல்லாம் பார்த்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2025 மார்ச்சில் கியோம் லாரன்ஸ் ஃபூர்னியே போத்ரியோடு மறுபடி வருகிறார் என்று அறிவிப்பு. ஓய்வுக்கு அழுத கண் இன்னும் காயவில்லை.

கியோமின் எட்ஜ், அதாவது பிளேடின் விளிம்பில் சாய்ந்து ஓட்டும் விதம், அதே எட்ஜ். அந்த ஆழம், சத்தமே இல்லாத அந்த ஓட்டம். அதனால்தான் கஷ்டம். அவர் கையை நீட்டும்போதெல்லாம் என் கண் கேப்ரியெல்லாவைத் தேடுகிறது. லாரன்ஸ் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டென்மார்க், கனடா என்று ஆடி, பார்ட்னர் இல்லாமல் நின்றவர்தான் அவரும். அவருக்கு வாய்ப்பு கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் “புது ஜோடி அருமை, பழையதை விடுங்கள்” என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தப் பழைய ஜோடி ஆடிய விதத்தை இனி யாராலும் ஆட முடியாது, அவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக முயன்றாலும்கூட.

* * *

கடைசியாக எழுதியவருக்கு: யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை. நானும் இலினிக், கத்சலாபோவ் வீடியோவை இன்றும் போட்டுப் பார்க்கிறவன்தான். லாரன்ஸைப் பார்க்க மனம் வரும்போது பாருங்கள். அதுவரை கேப்ரியெல்லா என்ன செய்கிறார் என்று அவ்வப்போது இங்கே எழுதுங்கள். போட்டியில் இருப்பவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, விலகியவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

அக்கா, உங்கள் மகள் இப்போது எப்படி ஆடுகிறாள்?

* * *

நன்றாக ஆடுகிறாள் தம்பி, கேட்டதற்கு நன்றி. கை இப்போது நேராகச் சரியான உயரத்துக்குப் போகிறது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. 2022 டிசம்பரில் கனடாவின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடா தன் உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் என்ற விதியை எடுத்துவிட்டது. இரண்டு பெண்கள் ஜோடியாக ஆடலாம், இரண்டு ஆண்களும் ஆடலாம். சர்வதேசப் போட்டிக்கு இது செல்லாது. ஆனாலும் பையனுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியும். மகளோடு பயிற்சி செய்யும் பெண் ஒருத்திக்கு இன்னும் பார்ட்னர் கிடைக்கவில்லை. மற்ற நாடுகளிலும் இப்படி விதி மாறியிருந்தால், தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். அவள் அம்மாவிடம் காட்ட வேண்டும்.